கணக்கு அலுவலகத்திலிருந்து திவான் நாற்காலிக்கு: கும்பகோணம் மாதவ ராவ்

(காட்சி: கும்பகோணம், மகாமகக் குளக்கரை)

கும்பகோணம் என்றதும் வெற்றிலை, டிகிரி காபி, கணித மேதை ராமானுஜன் என்று அடுக்குவோம். இதே ஊரில் 1828-இல் பிறந்து மூன்று சமஸ்தானங்களுக்குத் திவானாக, அதாவது முதலமைச்சராக, இருந்த மாதவ ராவை ஏனோ விட்டுவிடுகிறோம். மலையாளிகள் விடவில்லை. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே உள்ள இடத்துக்கு 'ஸ்டேச்சு' என்றே பெயர், சிலை இவருடையது.

தஞ்சை மராத்தியக் குடும்பம். தந்தை ரங்க ராவ், தந்தையின் உடன்பிறந்த வெங்கட ராவ் இருவருமே திருவிதாங்கூர்த் திவான்களாக இருந்தவர்கள். ஆகவே ஏழைக் குமாஸ்தா அரண்மனை ஏறிய கதை இல்லை இது. ஆனால் பையன் கணக்கில் புலி. சென்னையில் பவல் துரையிடம் படித்துவிட்டு, 1849-இல் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நீடிக்கவில்லை, திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராகப் போய், வருவாய்த் துறைக்கு மாறி, முப்பது வயதுக்குள் பொறுப்புத் திவானாகி, 1858-இல் திவானாகவே ஆகிவிட்டார்.

(காட்சி: மிளகுக்கொடி, பழைய கணக்கேடுகள்)

அப்போது கஜானா காலி. ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி, தலைக்கு மேல் கடன். நிர்வாகம் திருந்தாவிட்டால் சமஸ்தானத்தையே எடுத்துக்கொள்வோம் என்று பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஏற்கெனவே மிரட்டியிருந்தார். இந்த நிலையில் யாராக இருந்தாலும் வரியைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். மாதவ ராவ் பார்த்தது வேறு. விளைந்த மிளகை அரசு சொன்ன விலைக்கு அரசுக்கே விற்க வேண்டும் என்பது சட்டம். புகையிலை வியாபாரமும் அரசின் கையில். விலை கட்டாத குடியானவன் என்ன செய்வான்? இரவோடு இரவாகக் கடத்துவான். கடத்தலைப் பிடிக்கச் சேவகர்கள். அந்தச் சேவகர்களுக்கு லஞ்சம்! 1860-இல் மிளகு ஏகபோகத்தை எடுத்துவிட்டு ஏற்றுமதி வரி போட்டார். 1863-இல் புகையிலைக்கும் அதே கதி. அங்கே இறக்குமதி வரி. புகையிலை பெரிய வருவாய் இனம் என்பதால் இது துணிச்சலான காரியம். அதே 1863-இல் சமஸ்தானக் கடனும் தீர்ந்தது.

எல்லாவற்றிலும் இதே துணிச்சல் இருந்ததா என்றால், இல்லை. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடியபோது அவருடைய அரசு தயங்கித் தயங்கியே இறங்கி வந்தது. அதற்கு அனுமதி தந்த 1859 அறிவிப்புக்குப் பின்னால் சென்னை கவர்னரின் அழுத்தம் இருந்தது.

மகாராஜாவோடு மனக்கசப்பு வந்து 1872-இல் விலகினார். பிறகு இந்தோர், அடுத்து 1875 முதல் 1882 வரை பரோடா.

(காட்சி: சென்னை, 1887)

ஓய்வுக் காலத்திலும் சும்மா இருக்கவில்லை. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு வரவேற்புக் குழுத் தலைவர் இவரே. இரண்டே ஆண்டுகளில் கருத்து வேறுபாட்டால் கட்சியின் நிலைக்குழுவிலிருந்து வெளியேறினார். குழந்தைகளுக்கு மராத்தியில் பாட்டு எழுதினார். ஆப்பிரிக்காவில் ஜெர்மனி கால்பதித்ததைப் பற்றிக் கட்டுரை எழுதி, பிரதியை ஜெர்மனியின் பிரதமர் பிஸ்மார்க்குக்கே அனுப்பி வைத்தார். பாராட்டிப் பதில் கடிதமும் வந்தது. 1891 ஏப்ரல் 4 அன்று காலமானார்.