தினமும் நடந்தும் கையூன்றாமல் எழ முடியவில்லையே, ஏன்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். முந்தைய பகுதிக்கு வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவே இல்லை. 72 வயதான நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "12 ஆண்டுகளாக நாள் தவறாமல் 45 நிமிடம் நடக்கிறேன். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றன. ஆனால், கொஞ்சம் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் கையூன்றாமல் எழ முடிவதில்லை. நடை போதவில்லை என்று நினைக்கிறேன். ஒரு மணி நேரமாகக் கூட்டிக்கொள்ளலாமா?"

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் வந்த எண்களை எழுதி அனுப்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். எழும்போது தன் கை எங்கே போகிறது என்பதைக் கவனித்து எழுதியவர் இவர் ஒருவர்தான். நாற்காலியைப் பற்றி நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன் என்பது தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இவருக்காக இன்னொரு முறை விரிவாகச் சொல்கிறேன்.

ஐயா, நடையைக் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்கள் இதயமும் ரத்த நாளங்களும் நல்ல நிலையில் இருப்பதில் அந்த 45 நிமிடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைத் தசைகள் தம் வலிமையில் ஒரு சிறு பகுதியைத்தான் செலவிடுகின்றன. தாழ்வான இருக்கையிலிருந்து எழும்போதோ, முழங்கால் நன்றாக மடங்கிய நிலையில், உடலின் பெரும்பாலான எடையை அதே தசைகள் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. எந்தத் தசையும் தன்னால் இயன்றதன் எல்லைக்கு அருகில் உழைத்தால்தான் வலுப்பெறும். ஆகவே இன்னும் 15 நிமிடம் கூட்டி நடந்தால் உங்களால் இன்னும் சிறிது தொலைவு நடக்க முடியுமே தவிர, எழுவதில் பெரிய மாற்றம் தெரியாது.

தசைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் இழைகளும், சட்டென்று சுருங்கி மிகுந்த விசையைத் தரும் இழைகளும் நம் தசைகளில் கலந்திருக்கின்றன. நிதானமான நடைக்குப் பெரும்பாலும் முதல் வகை போதும். முதுமையில் அதிகமாக மெலிவது இரண்டாவது வகை. அவற்றை இயக்கும் நரம்பணுக்களும் கூடவே குறைகின்றன. அதனால்தான் கால் மெலிவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் வலிமை குறைந்துவிடுகிறது. கால் இடறும்போது மறு காலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னே வைத்து நம்மை விழாமல் காப்பவையும் இந்த விரைவு இழைகளே. எழுவதற்குச் சிரமப்படுகிறவர்களைப் பார்க்கும்போது நான் விழுவதைப் பற்றிக் கவலைப்படுவதற்குக் காரணம் இதுதான். இந்தத் தசை நலிவுக்கு 'சார்கோபீனியா' என்று தனிப்பெயர் கிடைத்ததே 1980களின் இறுதியில்தான். அதற்கு முன்பு 'வயதாகிவிட்டது' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். இன்றும் பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

"இந்த வயதில் இனிமேல் வலிமை வருமா?" என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை முன்பே குறிப்பிட்டிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் தங்கியிருந்த 10 பேர் அதில் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் வயது 86 முதல் 96 வரை. கையை அசைப்பது, காலை ஆட்டுவது போன்ற மென்மையான பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு முறை அதிகபட்சமாக எவ்வளவு எடையைக் காலால் தூக்க முடியுமோ அதில் 80 விழுக்காடு வரை கொடுத்து, கண்காணிப்போடு பயிற்சி அளித்தார்கள். எட்டே வாரங்களில், பயிற்சியை முடித்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. கோல் ஊன்றி நடந்துகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் கோல் இல்லாமலே நடந்தார்கள். 72 வயது அவர்கள் கண்ணுக்கு இளமையல்லவா?

எழுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை நான் என் தாயாரிடம் கற்றேன். அவருக்கு 79 வயதாக இருந்தபோது காய்ச்சலில் 11 நாட்கள் மருத்துவமனையில் படுத்திருந்தார். காய்ச்சல் போய்விட்டது; ஆனால் வீட்டுக்கு வந்தபோது நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. இரண்டு கைகளாலும் நாற்காலியின் கைப்பிடியை விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவார். இடுப்பு நான்கு விரற்கடை மேலே வரும். அதற்குள் பின்னால் சாய்ந்து மீண்டும் பொத்தென்று உட்கார்ந்துவிடுவார். வலிமை இல்லை என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பார்க்க வந்த பிசியோதெரபிஸ்ட் சற்று நேரம் எதுவும் பேசாமல் கவனித்துவிட்டு, "அம்மா முன்னால் விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள், அந்தப் பயம்தான் பின்னால் இழுக்கிறது" என்றார். இருக்கையின் விளிம்புக்கு நகரச் சொன்னார். பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார். பிறகு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு அதில் தானே உட்கார்ந்துகொண்டு, "உங்கள் மூக்கு உங்கள் கால் விரலுக்கு நேராக வரும்வரை என் பக்கம் குனியுங்கள்" என்றார். மூக்கு விரலுக்கு நேராக வந்த அந்தக் கணத்தில் அம்மாவின் இடுப்பு தானாகவே இருக்கையை விட்டுக் கிளம்பியதை நான் அருகில் நின்று பார்த்தேன். அன்று ஒருமுறைதான் எழுந்தார், அதுவும் ஒரு கை என் மணிக்கட்டில் இருக்கத்தான். ஆனால் மறுநாளிலிருந்து அவரே எண்ணத் தொடங்கிவிட்டார்.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு டாலஸ் நகரில் 1966இல் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, 30 ஆண்டு வயது ஏறியதால் குறைந்ததைவிட, இளமையில் அந்த மூன்று வாரப் படுக்கையால் அவர்களுடைய உடல் உழைப்புத் திறன் அதிகமாகக் குறைந்திருந்தது தெரிந்தது. இருபது வயதுக்கே இந்த நிலை என்றால், 79 வயதில் 11 நாட்கள் எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகன்களும் மகள்களும் என்னிடம் கேட்க வேண்டும் என்று நான் நெடுநாளாகக் காத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு. "அப்பாவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம், அம்மாவுக்கு எந்த மாத்திரை நல்லது" என்று கேட்கிறீர்கள். "அவர்களுக்கு எதையெல்லாம் நாங்கள் செய்து கொடுக்காமல் இருக்க வேண்டும்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலும் அந்தத் தவறு நடந்தது. அம்மா தண்ணீருக்காக எழ முயலும் முன்பே ஒருவர் கொண்டுவந்து கொடுப்போம். கண்ணாடி அடுத்த அறையில் இருந்தால் இன்னொருவர் ஓடுவோம். எல்லாம் அன்புதான். ஆனால் ஒரு நாளைக்கு இருபது முறை எழுந்திருக்க வேண்டியவரை நான்கு முறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். பிசியோதெரபிஸ்ட் அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான், விழுந்துவிடாமல் பக்கத்தில் நிற்பது, ஆனால் எழும் வேலையை அவரிடமே விட்டுவிடுவது என்று வழக்கத்தை மாற்றினோம். கைகட்டிப் பக்கத்தில் நிற்பது ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பதைவிடக் கடினமானது.

மீண்டும் உங்களிடம் வருகிறேன், ஐயா. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடிகளில் எத்தனை முறை முழுவதுமாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணும் சோதனை ஒன்று இருக்கிறது. 70 முதல் 74 வயது வரையுள்ள ஆண்களுக்கு 12க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு என்று கொள்கிறார்கள். கையூன்றினால் அந்தச் சோதனையில் சுழியம்தான். அதற்காக மனம் தளர வேண்டாம். நழுவாத கெட்டியான மெத்தையை இருக்கையில் போட்டு, கையூன்றாமல் எழ முடிகிற உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நாற்காலி நகராதபடி சுவரோடு ஒட்டியிருக்கட்டும். எழும்போது மூச்சை விடுங்கள், அடக்கக் கூடாது. உட்காரும்போது மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். பொத்தென்று உட்கார்ந்துவிட்டால் பயிற்சியில் பாதி வீணாகிவிடும். எட்டு முறை எழுந்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, மீண்டும் எட்டு முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் உயரத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாட்களாவது தசை வலிமைப் பயிற்சியும், மூன்று நாட்களாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சிகளும் வேண்டும் என்று இருக்கிறது. முதல் பகுதியை நீங்கள் 12 ஆண்டுகளாகச் செய்து வருகிறீர்கள். சமநிலைக்கு, சுவரையோ மேசையையோ விரல் நுனியால் தொட்டுக்கொண்டு ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்களுக்கு முன்னால் வைத்து நின்று பழகுங்கள்.

தொடை களைத்து நடுங்குவது இயல்பு. மூட்டுக்குள் குத்தும் வலி, நெஞ்சு இறுக்கம், எழுந்தவுடன் தலைசுற்றல் ஆகியவை வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்பவர் என்றால் தொடங்கும் முன்பே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. முதல் நாள் இருக்கையின் உயரத்தை ஸ்கேலால் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து மீண்டும் அளந்து, இரண்டு அளவுகளையும் எனக்கு எழுதுங்கள்.