தொதலை முடிவில்லாம வெட்டினா கணக்கு எங்க போய் நிக்கும்? | பெருக்கல் தொடர்

[திரையில்: சதுரத் தொதல், பக்கத்தில கத்தி]

ஒரு சதுரத் தொதல். சாப்பிட மூணு பேர். தராசு இல்ல, அடிமட்டம் இல்ல, சரிபாதியா வெட்ட மட்டும்தான் தெரியும். மூணு பேருக்கும் சமனாப் பங்கு போட ஏலுமா?

ஏலும். குறுக்க ஒண்டு, நெடுக்க ஒண்டு வெட்டுங்க. நாலு துண்டு. ஆளுக்கு ஒண்டு குடுத்தா மிச்சம் ஒண்டு. அதையும் நாலாக்கி ஆளுக்கு ஒண்டு குடுங்க. மறுகா மிஞ்சினதையும் நாலாக்குங்க. ஒராளுக்கு இப்ப வந்து சேர்ந்தது 1/4 + 1/16 + 1/64. இப்பிடியே போகும்.

மூணு பேர்ட பங்கும் எந்தச் சுற்றிலயும் சமன். மிச்சம் மட்டும் ஒவ்வொரு தரமும் கால்வாசியாகுது. அஞ்சாம் சுற்று முடிய ஒராள்ட்ட 341/1024, மிச்சம் 1/1024. ஒரு கிலோத் தொதல் எண்டா ஒரு கிராமும் இல்ல! கத்தியில ஒட்டிக்கிட்டு வாறது அதைவிடக் கூட. அப்ப அந்தத் தொடர்ட கூட்டுத்தொகை 1/3. சூத்திரம் ஒண்டும் தொடாமலே முடிவில்லாத தொடர் ஒண்டைக் கூட்டியாச்சு. இதே தொடரைத்தான் 2,200 வருசத்துக்கு முன்னமே ஆர்க்கிமிடீஸ் பரவளைவுத் துண்டொண்டுட பரப்பளவு காணப் பாவிச்சவர். எனக்கு இதைவிட வடிவான நிறுவல் தெரியாது.

வரைவிலக்கணம் ஒரே மூச்சில: ஒவ்வொரு உறுப்பும் முந்தின உறுப்பை ஒரே எண்ணால பெருக்கி வந்தா அது பெருக்கல் தொடர், அந்த எண் பொது விகிதம்.

[திரையில்: முதல் உறுப்பு ÷ (1 − பொது விகிதம்)]

முடிவில்லாத பெருக்கல் தொடர்ட கூட்டுத்தொகைக்கான இந்தச் சூத்திரத்தை எல்லாரும் பாடமாக்கி வச்சிருக்கீங்க. எப்ப போடக் கூடாது எண்டுறதுலதான் புள்ளி போகுது. விகிதம் −1க்கும் 1க்கும் இடையில கிடந்தா மட்டும் தொடர் ஒருங்கும், அதாவது கூட்டுத்தொகை ஒரு எண்ணில போய் நிக்கும். ஏன்? 0.9ஐ 50 தரம் பெருக்குங்க, 0.005 அளவுக்கு விழுந்துரும். 1.1ஐ 50 தரம் பெருக்கினா 117ஐத் தாண்டும். ஒண்டு கரையுது, ஒண்டு வெடிக்குது.

பார்க்காமப் போட்டா என்ன நடக்கும்? 1 + 2 + 4 + 8… சூத்திரம் −1 எண்டு விடை தரும். நேர் எண்களைக் கூட்டி மறை எண்! கல்குலேட்டர் உங்களைத் தடுக்காது. 1 − 1 + 1 − 1 இன்னும் கள்ளத்தனம்: விடை 1/2 எண்டு நல்ல பிள்ளை மாதிரி வரும், உண்மையில கூட்டிப் பார்த்தா 1, 0, 1, 0 எண்டு ஊஞ்சல்தான். ரெண்டும் விரியும் தொடர், கூட்டுத்தொகை ஒரு எண்ணிலயும் நிக்காது.

1/2 + 1/3 + 1/4… உறுப்புகள் சின்னனாகுது, அப்ப ஒருங்குமா? இல்ல. விகிதம் முதல்ல 2/3, அடுத்தது 3/4. இது பெருக்கல் தொடரே இல்ல, கூட்டக் கூட்ட எல்லையில்லாமப் போகும். அதால விகிதத்தை ரெண்டு இடத்திலயாவது வகுத்துப் பாருங்க.

அடுத்த பொறி, தொடர்ட கூட்டுத்தொகையைச் சுருக்கி எழுதுற சிக்மாக் குறி (Σ). 3 × (3/5) எண்டதுல 3/5க்கு அடுக்கு 1, 2, 3 எண்டு ஏறுது. கனபேர் முதல் உறுப்பு 3 எண்டு எழுதி 15/2 கொண்டு வருவாங்க. அடுக்கு 1இல தொடங்கினா முதல் உறுப்பு 9/5, விடை 9/2. முதல் உறுப்பைப் பிரதியிட்டுத்தான் எடுக்கணும்.

விகிதத்தில எக்ஸ் வந்தாலும் இதே நிபந்தனைதான்: (எக்ஸ் − 2)/3 எண்டா எக்ஸ் −1க்கும் 5க்கும் இடையில.

கடைசியா ஒரு பந்து. 4.9 மீற்றர் உயரத்தில இருந்து விடுறம். கல்லடிக் கடற்கரை மணல்ல போட்டுட்டு துள்ளல்ல எண்டு எனக்குப் பேசாதீங்க, சீமெந்துத் தரை வேணும். நிலத்தில பட்ட வேகத்தில பாதியோட எழும்புது எண்டு வைங்க. உயரம் கால்வாசி, நேரம் பாதி. காற்றுத் தடையை விடுங்க. கீழ வர 1 செக்கன். முதல் துள்ளல் ஏறி இறங்க 1 செக்கன், அடுத்தது 1/2, மறுகா 1/4. துள்ளலுக்கு முடிவில்ல, ஆனா எல்லாம் 3 செக்கன்ல முடிஞ்சுரும்!

பந்து போன மொத்தத் தூரம் எவ்வளவு? கொமென்ட்ல போடுங்க. 8.17 மீற்றருக்குக் கிட்ட வந்தா சரி. 13.07 வந்தா, முதல் விழுகையை ரெண்டு தரம் எண்ணிட்டீங்க.