கம்பிக் கூண்டுக்குள் ஒரு சதுரம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குச் சோப்புப் படலம் கட்டடமான கதை. முதலில் ஒன்றைக் காட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். என் கையில் இருப்பது கம்பியில் செய்த கனசதுரக் கூண்டு. பன்னிரண்டு விளிம்புகள் மட்டும்தான், நடுவே வெறும் காற்று. இதைச் சோப்புத் தண்ணீரில் முழுக்க முக்கி, மெதுவாக வெளியே எடுக்கிறேன். ஆறு பக்கமும் படலம் மூடிக்கொண்டு பெட்டி மாதிரி வரும் என்றுதானே தோன்றும்? பாருங்கள், அப்படி வரவில்லை. படலங்கள் எல்லாம் உள்ளே இழுபட்டு, நட்டநடுவில் ஒரு குட்டிச் சதுரத்தில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கேமராவை இன்னும் கிட்டே கொண்டுவருகிறேன். சதுரம் என்று சொன்னேனே, அதன் ஓரம் நேர்கோடு இல்லை. லேசாக வெளியே புடைத்திருக்கிறது. இப்போது பக்கவாட்டில் மெல்ல ஊதுகிறேன். சுருங்குகிறது, சுருங்குகிறது... பட்டென்று வேறு திசைக்குத் திரும்பிவிட்டது! எனக்கு இது எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

காரணம் பரப்பு இழுவிசை. தன் பரப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொள்ளத்தான் படலம் பார்க்கும். இதன் விதிகளைக் கண்டறிந்தவர் பெல்ஜியத்து இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ. பார்வை பறிபோன பிறகும், பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லி ஆய்வைத் தொடர்ந்தவர். 1873-இல் அதைப் புத்தகமாக்கினார். மூன்று படலங்கள்தான் ஒரு கோட்டில் சேரும், 120 பாகையில். அப்படிப்பட்ட நான்கு கோடுகள்தான் ஒரு புள்ளியில் சேரும், ஏறக்குறைய 109.5 பாகையில். சதுரத்தின் மூலை 90 பாகைதானே? விதிக்கு அது போதாது. அதனால்தான் ஓரம் புடைக்கிறது. இந்த விதிகளுக்கு முழுக் கணித நிரூபணம் 1976-இல்தான் கிடைத்தது, ஜீன் டெய்லர் கொடுத்தார்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ இதையே வேலைக்கு வைத்துக்கொண்டார். கம்பியும் நூலும் கட்டிச் சோப்பில் முக்கி, வந்த வடிவத்தைப் படமெடுத்து அளந்து, கூடாரக் கூரைகளுக்கு வடிவம் தேடினார். படலத்தில் எல்லாத் திசையிலும் இழுவிசை ஒரே அளவு. அதே வடிவில் துணியை இழுத்துக் கட்டினால் சுருக்கம் விழாது, தொய்வும் வராது. 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கத்தின் வலைக்கூரை இந்தத் தேடலின் வழியில் வந்ததுதான்.

இன்னொரு பக்கம், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் நீச்சல் அரங்கம், ‘வாட்டர் க்யூப்’. இதன் கதை 1887-இல் தொடங்குகிறது. வெளியை ஒரே கொள்ளளவுள்ள அறைகளாகப் பிரிக்க, மிகக் குறைந்த சுவர் எந்த வடிவத்தில் ஆகும் என்று பிரிட்டன் இயற்பியலாளர் கெல்வின் பிரபு கேட்டார். 14 முகம் கொண்ட ஒரு வடிவத்தைப் பதிலாகவும் சொன்னார். நூறு வருடத்துக்கு மேல் அதை யாரும் முந்தவில்லை. 1993-இல் டப்ளினில் இயற்பியலாளர்கள் வியரும் ஃபீலனும் இரண்டு விதமான அறைகளைக் கலந்து, கணினியில் சுவர்ப் பரப்பை அதைவிட 0.3 சதவீதம் குறைத்துக் காட்டினார்கள். சோப்பு நுரை மாதிரி அறைகள் அடுக்கிய அந்த வடிவம்தான் பெய்ஜிங்கில் இரும்புச் சட்டமாக நிற்கிறது.

அழகான கட்டடம், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு மியூனிக்தான் பிடிக்கும். அங்கே சோப்பு விதி கூரையைத் தாங்கும் வேலையைச் செய்கிறது. பெய்ஜிங் கதையிலோ, கெல்வின் மிச்சம் பிடிக்க நினைத்தது சுவரின் பரப்பு. இரும்பு உத்தரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சட்டம் உறுதியாக நிற்கிறது என்றால், அதற்குப் பொறியாளர்கள் தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு குறும்பும் உண்டு. நுரையை நேராக வெட்டினால் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து சலிப்புத் தட்டும் என்று, சாய்த்து வைத்து வெட்டினார்கள். முகப்பில் தெரியும் கோடுகள் அந்த வெட்டில் வந்தவை. அதனால் அவற்றுக்கு 120 பாகை விதி கிடையாது. முகப்பை நேரெதிராக எடுத்த படம் ஒன்றைத் திறந்து, கோணமானியை வைத்துப் பாருங்கள். எத்தனை கோணம் ஒத்துப்போகிறது என்று கமெண்டில் சொல்லுங்கள்.