பேடை மாற்றுவதா, ஹெட்ஃபோனையே மாற்றுவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஹெட்ஃபோனைக் கழற்றியதும் காதோரத்தில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டியிருக்கும், சட்டைக் காலரிலும் உதிர்ந்து கிடக்கும். காதைச் சுற்றி அணைக்கும் மெத்தையான பேடின் மேலுள்ள ரெக்சின் உரிய ஆரம்பித்துவிட்டது. உடனே பலர், "சரி, இது போயாச்சு" என்று சொல்லிவிட்டு புதுசுக்கு விலை பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அநேகமாகப் போனது பேட் மட்டும்தான். உள்ளே இருந்து பாடுகிற டிரைவருக்கு, அதாவது அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு, ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த ரெக்சின் என்பது துணிமேல் பூசிய பாலியூரிதேன். காற்றிலிருக்கும் ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெக்கை கூடினால் அது இன்னும் வேகமாக நடக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களுக்குக் கேட்கவே வேண்டாம். தலைக்கு வைத்த எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். அலமாரியில் பூட்டி வைத்திருந்தாலும் சில வருஷத்தில் உரியத்தான் செய்யும், ஆகவே பத்திரமாக வைத்திருந்தும் இப்படி ஆயிற்றே என்று யாரையும் திட்ட வேண்டியதில்லை.

காதுக்கு மெத்தென்று இருப்பதற்காக மட்டும் பேட் வைப்பதில்லை. டிரைவருக்கும் உங்கள் காதுக்கும் நடுவே ஒரு சின்ன அறை உண்டாகிறது. அந்த அறைக்குச் சுவர் பேட்தான். சுவரில் விரிசல் விட்டால் முதலில் வெளியேறுவது பாஸ், அதாவது கீழ்ச்சுருதி ஒலிகள். உள்ளேயிருக்கும் ஸ்பாஞ்ச் அமுங்கிப்போனால் இன்னொரு கோளாறும் சேரும். காது டிரைவருக்கு ரொம்பக் கிட்டே போய்விடும், ஒலியின் நிறமே மாறும். போதாக்குறைக்கு காதுமடல் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கில் இடித்து வலிக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நல்ல மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். வலந்தலையின் நாதம் கணீரென்று வருகிறது, இடது கை வாசிக்கும் தொப்பிப் பக்கத்தின் கும்காரம் மட்டும் சப்பென்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டு உள்ளங்கையாலும் ஹெட்ஃபோனின் காது கப்பை லேசாகக் காதோடு அழுத்துங்கள். தொப்பி திரும்பி வந்தால் பேட்தான் குற்றவாளி. அழுத்தியும் வரவில்லையா? ஒரு பக்கம் மட்டும் கரகரக்கிறதா? அப்படியானால் கோளாறு வேறு இடத்தில். போனில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில் வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள், அப்போது சத்தம் வந்து வந்து போனால் அது வயர் வேலை. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இந்தச் சோதனையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் செய்ய வேண்டும். கண்ணாடியின் காதுப்பட்டை நுழைகிற இடைவெளியே பாஸைக் குறைக்கப் போதும்.

கிழிந்த பேடோடு ஓட்டிக்கொண்டே இருப்பதில் காதுக்கும் கேடு இருக்கிறது. வெளிச்சத்தம் உள்ளே வரும், பஸ்ஸில் போகிறவர் தன்னையறியாமல் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவார். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், 90 டெசிபலில் 4 மணி நேரம் என்று உலக சுகாதார அமைப்பு கேட்கும் அளவை வரையறுக்கிறது. பத்து டெசிபல்தான் கூடுதல், ஆனால் நேரம் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

உதாரணத்துக்கு, உலகம் முழுக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் தொங்கும் ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். சோனி எம்டிஆர்-7506. 1991-ல் வந்தது, இன்றும் விற்கிறது. சுருள் வயர், நீலக்கோடு. அதோடு வரும் பேட் மெல்லிசு, உரிவதற்குப் பேர் போனது. இருந்தும் ஏன் யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை என்றால், மாற்று பேட் எங்கும் கிடைக்கும். கழற்ற ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். ஒரே ஹெட்ஃபோனுக்குப் பல தலைமுறை பேட் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1984-ல் வந்த காஸ் போர்ட்டா ப்ரோவும் அப்படித்தான். அதற்கு வெறும் ஸ்பாஞ்ச் உறை, மிகக் குறைந்த செலவில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது பின்பக்கம் திறந்த வகை. பக்கத்து சீட்டுக்காரரும் உங்கள் பாட்டைக் கேட்பார்.

என்ன பேட் போடுவது? கம்பெனி கொடுத்த அதே வகையைப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. பலருக்கு வெல்வெட் பேட் மேல் ஆசை. நம் வெயிலுக்கு அது சுகம், வியர்க்காது, மறுக்கவில்லை. ஆனால் துணி வழியே காற்று கசியும், பாஸ் இளைக்கும். தடித்த பேட் போட்டால் காது தள்ளிப்போகும், கச்சேரி மேடை விரிந்த மாதிரி தோன்றும், குரல் கொஞ்சம் பின்வாங்கும். பேடை மாற்றினால் மட்டமான ஹெட்ஃபோன் ஒசத்தியாகிவிடும் என்று சொல்லி விற்கிறார்களே, அதை நான் நம்புவதில்லை. பழைய ஒலியைத் திரும்பக் கொண்டுவர பேட் உதவும், இல்லாததைக் கொண்டுவராது. வெளிச்சத்தத்தைத் தானே குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் வகையில் இன்னும் ஜாக்கிரதை தேவை. உள்ளே இருக்கும் மைக், அந்தக் குறிப்பிட்ட பேடின் அடைப்பை நம்பித்தான் வேலை செய்கிறது. ஏதோ ஒன்றை வாங்கி மாட்டினால் அந்த வசதியே பாதி போய்விடும்.

சரி, எப்போது புதுசு வாங்கலாம்? டிரைவர் கரகரத்தால் வாங்கலாம். கீல் உடைந்து டேப் சுற்றி ஓடுகிறது என்றாலும் வாங்கலாம். புளூடூத் ஹெட்ஃபோனில் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, அதையும் உள்ளே ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் பேடுக்குக் காசு செலவழிப்பது வீண். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், சிறு கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரியிலிருந்து அது அங்கே நடைமுறை. அந்த மாடல்கள் இங்கேயும் வந்தால் நமக்கும் லாபம். இன்னொரு கணக்கு, பேட் விலை ஹெட்ஃபோன் விலையில் பாதியைத் தொட்டால் நான் யோசிப்பேன். ஐந்நூறு ரூபாய் ஹெட்ஃபோனுக்கு நானூறு ரூபாய் பேட் வாங்குவதில் அர்த்தமில்லை.

புதுசு வாங்கப் போகிறீர்கள், பட்ஜெட்டும் கம்மி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்கள் ஊர்க் கடையோ, கையில் வாங்கியதும் டப்பாவில் போட்டிருக்கும் எண்களைப் பார்க்காதீர்கள். பேடை விரலால் நெம்பி, கழலுகிறதா என்று பாருங்கள். வயர் கப்பிலிருந்து தனியாக வருகிறதா என்று பாருங்கள். ஆடியோ-டெக்னிகா கம்பெனி மாடல்களில் எம்40எக்ஸ் வயர் கழலும், விலை குறைந்த எம்20எக்ஸில் கழலாது. வயர் போனால் வயரை மட்டும் மாற்றலாம், அந்த விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி அப்போது திரும்பக் கிடைத்த மாதிரி. போனில் நேரடியாகக் கேட்கப் போகிறவர்கள் 32 ஓம் போல இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, குறைந்ததை எடுப்பது நல்லது. 250 ஓம் மாடலைத் தள்ளுபடியில் வாங்கிவிட்டுச் சத்தமே போதவில்லை என்பவர்கள் ஏராளம்.

கடைசியாக, மாட்டும் விதம். பழைய பேடைப் பிய்க்காமல் ஒரு ஓரத்திலிருந்து சுற்றி வாருங்கள். பின்னால் டிரைவர்மேல் மெல்லிய துணியோ ஸ்பாஞ்சோ இருந்தால் அதைத் தொடாதீர்கள், அதுவும் ஒலியைச் சேர்ந்தது. புது பேடின் உதட்டை முதலில் கீழ்ப்பக்கக் காடியில் செருகுங்கள். பிறகு காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே மேலே வாருங்கள். கடைசி ஒரு அங்குலம் முரண்டு பிடிக்கும், நகத்தால் இழுத்தால் கிழியும். சில மாடல்களில் இடது வலது பேட் வேறுவேறு, தடித்த பக்கம் காதுக்குப் பின்னால் வர வேண்டும். மாட்டியபின் துடைக்க ஸ்பிரிட் வேண்டாம், ரெக்சின் வறண்டு வெடிக்கும். ஈரத்துணி போதும்.

வணக்கம்.