பதறியது யார், பதற வைத்தது யார்?

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல வருடம் பிராந்திய நிருபராக இருந்தவன் நான். மதத்தின் பேரால் கலவரம் நடக்கும்போது அதன் பின்னால் இருக்கும் அரசியலைப் பற்றியும், அதை நாங்கள் செய்தியாக்கும் விதத்தைப் பற்றியும் பேச அழைத்திருக்கிறார்கள்.

2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் கிடந்த கட்டியைக் காட்டி, இது மலட்டு மாத்திரைதானே என்று சிங்களத்தில் சத்தம் போடுகிறார். காசாளருக்குச் சிங்களம் அரைகுறை. மா கட்டிபட்டுக் கிடப்பதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஓம், போட்டோம் என்கிற மாதிரிப் பதில் சொல்லிவிட்டார். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். கடையை அடித்து நொறுக்கினார்கள். பள்ளிவாசலும் தப்பவில்லை.

காணொளி முகப்புத்தகத்தில் நாடெங்கும் ஓடியது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரும் அது மாக்கட்டி என்றுதான் சொன்னார். அந்தச் சேதி சனங்களிடம் போய்ச் சேருவதற்குள் கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்து, மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலையும் வந்துவிட்டது.

சரி, ஒரு மாக்கட்டிக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? முஸ்லிம்கள் சிங்களவரின் வம்சத்தை அழிக்கப் பார்க்கிறார்கள் என்ற கதையைப் பல வருடமாக மேடைபோட்டு விதைத்திருந்தார்கள். 2014 ஜூனில் அளுத்கமவில் பொது பல சேனா என்ற சிங்கள பௌத்தக் கடும்போக்கு அமைப்பின் கூட்டம் முடிந்த கையோடு முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அம்பாறைச் சம்பவத்துக்குப் பதினாறு நாள் முன்னர்தான் உள்ளூராட்சித் தேர்தல். ஆளுங்கட்சிகள் தோற்று அரசாங்கமே ஆடிக்கொண்டிருந்தது. 2019 மே மாதம், ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்க, அதே மலட்டுக் கதை ஒரு சிங்களப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. இந்த முறை ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களப் பெண்களை மலடாக்கினாராம். குற்றச்சாட்டு நிற்கவில்லை. அவருக்கு வேலை திரும்பக் கிடைக்க வருடக்கணக்கானது. பெரும்பான்மையின் பயம் வாக்காக மாறும் என்று தெரிந்தவர்களுக்கு இப்படிக் கதைகள் உயிரோடு இருப்பது தேவை.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். அம்பாறைச் சம்பவத்துக்கு நான் அனுப்பிய செய்தியின் தலைப்பு ‘அம்பாறையில் பதற்றம்’. உள்ளே ‘இனந்தெரியாத குழுவினர்’. கடைசி வரியில் ‘நிலைமை வழமைக்குத் திரும்பியது’. சாய்ந்தமருதில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் காலையிலேயே தொலைபேசி எடுத்தார். “பதற்றம் எண்டு எழுதியிருக்கீங்க தம்பி. பதறினது ஆரு, பதற வெச்சது ஆரு எண்டு ஒரு வரியும் இல்லையே?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சொற்கள் எல்லாம் பழக்கத்தில் விரலிலிருந்து தானாக வந்தவை. ‘மோதல்’ என்று எழுதினால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டதாக அர்த்தம். அடிவாங்கிய காசாளர் யாரோடு மோதினார்?

தமிழ்ப் பத்திரிகைகளும் சுத்தமில்லை. அடித்தவன் அடுத்த சமூகம் என்றால் சமூகத்தின் பெயர் தலைப்பிலேயே வரும். நம்மவன் என்றால் ‘இளைஞர் குழு’.

2019 ஜூனில், தமிழர் அதிகம் வாழும் கல்முனை வடக்கின் உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ள பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தக் கேட்டுத் தமிழர் பக்கத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். நல்லகாலம், பெரிய வன்முறையாகவில்லை. கணக்காளர், நிதி அதிகாரம், எல்லை, இவைதான் விஷயம். முஸ்லிம் பக்கத்தில் எதிர்ச் சத்தியாக்கிரகமும் நடந்தது. அரசியல்வாதிகள் வந்து வந்து போக, அது தமிழர், முஸ்லிம் சண்டையாக உருமாறியது. பந்தலில் இருந்த ஒரு அம்மா, ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க எத்தனை தரம் அலைந்தேன் என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டினார். அதை எழுதி அனுப்பினேன். மறுநாள் அச்சில் வந்தது மதகுருமாரின் படம் மட்டும். அந்த அம்மா எண்ணிய கணக்கு வரவில்லை.