அம்மியும் நகரும்: விசை பற்றி ஒரு பேச்சு
(பள்ளி அறிவியல் மன்ற ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேலைகளுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, போன ஆண்டு இந்த மேடைக்குக் கூரை போட்டுக் கொடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய இயற்பியல் ஆசிரியர் அவர்களே, வரவேற்புரை சொன்ன ஒன்பதாம் வகுப்பு மாணவியே, தாய்மார்களே, பிள்ளைகளே, வணக்கம். முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் பின்வரிசையில் இருக்கிறார். அவர் வந்ததுதான் இன்று எனக்குப் பெரிய மகிழ்ச்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். 1687இல் நியூட்டன் வெளியிட்ட மூன்று விதிகள். மூன்றையும் வரிசையாகப் பேசலாம் என்று குறிப்பு எடுத்து வந்திருக்கிறேன்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் எங்கே பேசினாலும் இந்தப் பழமொழி வந்துவிடும். அது வந்த கதையைக் கேளுங்கள்.

எங்கள் அக்கா கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல். பெண் அம்மி மிதிக்க வேண்டும் அல்லவா? அம்மியோ கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. அறுபது கிலோவுக்குக் குறையாது. ஆண்கள் எல்லாம் வாழைமரம் வெட்டப் போய்விட்டார்கள். "நாங்க கொண்டாந்துடுறோம் ஆத்தா" என்று நானும் அண்ணனும் சித்தப்பா மகனும் கிளம்பிவிட்டோம். மூன்று பேருக்கும் பத்து வயதுக்கு முன்னே பின்னே. அண்ணன் கிழக்கே நின்று தள்ளுகிறான், தம்பி மேற்கே நின்று தள்ளுகிறான், நான் தெற்கே. முகமெல்லாம் சிவந்துவிட்டது. கல் அப்படியே இருக்கிறது. ஆத்தா வந்து பார்த்தார். "ஏண்டா, ஆளுக்கொரு பக்கம் தள்ளுனா கல்லு யார் பேச்சைடா கேக்கும்? எல்லாரும் ஒரே பக்கமா வாங்கடா."

வந்தோம். தள்ளினோம். அப்போதும் அசையவில்லை. ஆத்தா என்ன செய்தார் தெரியுமா? அம்மியின் பக்கத்தில் ஒரு விறகுக்கட்டையை அணைத்து வைத்தார். கோடாலியைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் ஓங்கி ஒரு போடு போட்டார். விரற்கடை நகர்ந்தது. இன்னொரு போடு, இன்னொரு விரற்கடை. மண்ணில் பதிந்திருந்த அடி கிளம்பியதும், "இப்பத் தள்ளுங்கடா" என்றார். தள்ளினோம், போனது! வழியில் உருண்டையான சவுக்குக் கழிகளைக் குறுக்கே போட்டுக்கொண்டே வந்தார். முகூர்த்தத்துக்கு முன்பே அம்மி பந்தலில். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர் எங்கள் ஆத்தா.

அதில் எத்தனை பாடம் பாருங்கள். எதிரெதிரே தள்ளினால் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஒரே திசையில் தள்ளினால் கூடும், தொகுபயன் விசை, அதாவது எல்லாம் சேர்ந்து மிஞ்சும் மொத்த விசை, பெரிதாகும். ஆனால் தரையின் உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே நாள் முழுக்கத் தள்ளினாலும் கல் அசையாது. கோடாலி அடி கண நேரம்தான், ஆனால் அந்தக் கணத்தில் அதன் விசை எல்லையைத் தாண்டுகிறது. ஒருமுறை நகரத் தொடங்கிவிட்டால் உராய்வு குறையும், உருளைக்கட்டை வைத்தால் இன்னும் குறையும். ஆகவே பிள்ளைகளே, அடிமேல் அடி வைத்தால் அம்மி நகரும். ஆனால் ஒவ்வொரு அடியும் அந்த எல்லையைத் தாண்டும் அடியாக இருக்க வேண்டும்.

இப்போது முதல் விதிக்கு வருகிறேன். வெளியிலிருந்து விசை வராதவரை ஒரு பொருள் தன் நிலையை மாற்றிக்கொள்ளாது. அந்தக் குணத்துக்குப் பெயர் நிலைமம். அது மூன்று வகை என்று படித்திருப்பீர்கள்: ஓய்வில், இயக்கத்தில், திசையில். இந்த மூன்றையும் தினமும் காலை எட்டரை மணிப் பேருந்தின் முன்படிக்கட்டில் பார்க்கலாம். வண்டி கிளம்பும்போது உடம்பு பின்னே தங்குகிறது. பிரேக் போட்டால் முன்னே பாய்கிறது. வண்டி வலப்பக்கம் திரும்பினால் உடம்பு நேராகவே போகப் பார்க்கிறது. நம் ஊரில் படிக்கட்டு இடப்பக்கம். நேராகப் போகப் பார்க்கும் உடம்புக்கு அந்தப் பக்கம் சுவர் இல்லை, தார்ச்சாலைதான் இருக்கிறது.

கணக்கே போட்டுக் காட்டுகிறேன். பையன் 43 கிலோ, புத்தகப்பை 7 கிலோ, ஆக 50. வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர். வளைவின் ஆரம் 25 மீட்டர் என்றால், வேகத்தை வேகத்தால் பெருக்கி ஆரத்தால் வகுக்க, முடுக்கம் 4. நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை, இதுதான் இரண்டாம் விதி. ஐம்பதை நான்கால் பெருக்கினால் 200 நியூட்டன். ஏறக்குறைய 20 கிலோ எடை! ரேஷனில் வாங்கும் 20 கிலோ அரிசிப் பையை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள் தாய்மார்களே. வளைவில் உங்கள் பிள்ளையின் ஒற்றைக் கை அந்த அளவு இழுப்பைத் தாங்குகிறது. மழை நாளில் கம்பி ஈரம், படி ஈரம். உராய்வும் கைவிட்டுவிடும்.

"பையன்கள் திமிரில் தொங்குகிறார்கள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் விளையாட்டுக்குத் தொங்குவது உண்டு, அது பெரும் தவறு, இந்த மேடையிலேயே கண்டிக்கிறேன். ஆனால் ஒரு வாரம் நானே நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. கட்டணமில்லாப் பயண அட்டை பிள்ளைகள் கையில் இருக்கிறது, ஏறுவதற்கு வண்டிதான் இல்லை. அந்த எட்டரை மணி வண்டியை விட்டால் முதல் பாடவேளை போய்விடும். பின்வரிசையில் இருக்கும் ஓட்டுநர் பெரியவர் போன வாரம் என்னிடம் சொன்னார்: "சார், கண்ணாடியில அந்தப் பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டே ஸ்டியரிங்கைத் திருப்புறப்ப என் வயிறு கலங்கும்." அதனால்தான் அவர் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இரண்டாம் விதியைக் கணக்கிலேயே தொட்டுவிட்டேன். மூன்றாம் விதிக்கு நேரமில்லை, உங்கள் ஆசிரியர் அழகாக நடத்துவார்.

இந்தப் படிக்கட்டுத் தொங்கல் நிற்க நாம் கேட்பது காலை 8.15க்கு ஒரு பேருந்து, மாலை 4.30க்கு ஒன்று, கூடுதலாக இரண்டு நடை. இரண்டிலும் கதவு மூடும் வண்டி. இதுவரை ஐந்து பேர் தனித்தனியாக மனு கொடுத்தோம், ஆளுக்கொரு நாளில், ஆளுக்கொரு அலுவலகத்தில். பதில் இல்லை. நாங்கள் மூவரும் அம்மியைத் தள்ளிய மாதிரிதான் அது. அடிமேல் அடி வைத்தோம், எந்த அடியும் எல்லையைத் தொடவில்லை. இனி ஒரே மனு, ஒரே நாள், ஒரே வாசல். பேரூராட்சித் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாக மேடைக்கு வரும் முன்பே வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.

தாள்கள் வாசலில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. பெயர், ஊர், பிள்ளையின் வகுப்பு, எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார் என்பது, நான்கும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அறிவியல் மன்ற மாணவிகள் எழுதித் தருவார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் காலை ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து கிளம்புகிறோம். நன்றி, வணக்கம்.