ரேடியேட்டர் சூடாகலையா? எந்த இடம் சில்லுன்னு இருக்குன்னு முதல்ல தொட்டுப் பாருங்க

[திரையில்: சுவரோரம் ஒரு ரேடியேட்டர். மேல் விளிம்பில் ஒரு கை.]

பாய்லர்ல சூடாகிற தண்ணி குழாய் வழியா ரேடியேட்டருக்குள்ள ஓடித்தான் அறையைச் சூடாக்குது. பாய்லர் ஓடுது, மத்த அறையெல்லாம் கதகதப்பா இருக்கு, ஒரு ரேடியேட்டர் மட்டும் சில்லுன்னு கிடக்கு. உடனே ஸ்பானரைத் தேட வேண்டாம். ஹீட்டிங் போட்டு அரை மணி நேரம் ஆனதும் தொட்டுப் பாருங்க: மேல, கீழ, நடுவுல, ரெண்டு பக்கக் குழாய்லயும். குழாய் நல்லாச் சுடும், அதனால புறங்கையால லேசாத் தொட்டாப் போதும். எந்த இடம் குளிர்ந்திருக்கோ, அதை வச்சே கோளாறைப் பிடிச்சிடலாம். வீட்டுல எல்லாமே குளிர்ந்திருந்தா ரேடியேட்டரை விட்டுட்டு பாய்லர், டைமர், அறைத் தெர்மோஸ்டாட், பம்ப்னு வரிசையாப் பாருங்க.

[திரையில்: ரேடியேட்டரின் மேல் பாதி நீலம், கீழ் பாதி சிவப்பு.]

மேல குளிர்ச்சி, கீழ சூடுன்னா உள்ள காத்து அடைச்சிருக்கு. சுடுதண்ணி அந்த இடத்துக்கு ஏற முடியல. ஹீட்டிங்கை நிறுத்தி, தண்ணி ஆற விடுங்க. பம்ப் ஓடும்போது திறந்தா சில அமைப்புகள்ல காத்து வெளிய வராம உள்ள போயிடும். மேல் மூலைல இருக்கிற சின்ன காத்து வால்வுல அதுக்குன்னே இருக்கிற ரேடியேட்டர் சாவியைப் பொருத்தி, இடது பக்கமா கால் சுத்து, மிஞ்சிப்போனா அரைச் சுத்து. திருகு முழுசாக் கழண்டு கையோட வந்துட்டா தண்ணி பீச்சி அடிக்கும், அதையும் மறுபடி மாட்டுறது பெரும்பாடு. கீழ ஒரு கிண்ணமும் துணியும் வச்சுக்கங்க. உஸ்ஸுங்கிற சத்தம் நின்னு தண்ணி சீரா வந்ததும் மூடிடுங்க. பக்கத்துல நெருப்பு வேண்டாம். உள்ள துருப்பிடிக்கும்போது உண்டாகிற ஹைட்ரஜனும் இந்தக் காத்துல கலந்திருக்கலாம்.

அடுத்து பிரஷர் கேஜ், அதாவது உள்ள இருக்கிற தண்ணி அழுத்தத்தைக் காட்டுற மானி. நிறைய பேர் விட்டுடற வேலை இது. மேல தொட்டி இல்லாத மூடிய அமைப்புன்னா, ஆறின நிலையில 1 லிருந்து 1.5 பார் இருக்கணும். குறைஞ்சிருந்தா நிரப்புற வால்வை மெதுவாத் திறந்து ஏத்திட்டு, மறக்காம மூடுங்க. 3 பாரைத் தொட்டா சேஃப்டி வால்வு திறந்து தண்ணியை வெளிய கொட்டிடும். மேல தொட்டி வச்ச பழைய அமைப்புல, மிதவை வால்வு சிக்கித் தொட்டி காலியாகியிருக்கான்னு பாருங்க. மேல்தள ரேடியேட்டர்கள் மட்டும் குளிர்ந்து கிடந்தா முதல் சந்தேகம் தண்ணி குறைஞ்சதுலதான்.

ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுக்கக் குளிர்ச்சியா? ரேடியேட்டரோட ஒரு முனைல, சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருப்புற தெர்மோஸ்டாட் வால்வோட தலையை முழுசாத் திறந்த நிலைக்குத் திருப்பிட்டுக் கழட்டுங்க. நடுவுல ஒரு சின்ன ஊசி தெரியும். மாசக்கணக்கா மூடியே இருந்தா அது அமுங்கின நிலையிலயே மாட்டிக்கும். தட்டையான ஏதாவது ஒண்ணால அழுத்தினா, சில மில்லிமீட்டர் உள்ள போய்த் தானா எழும்பி வரணும். வரலைன்னா வால்வோட பக்கவாட்டுல லேசாத் தட்டி, திரும்பத் திரும்ப அழுத்துங்க. குறடால பிடிச்சு இழுக்கவே இழுக்காதீங்க. ஊசி வெளிய வந்துட்டா தண்ணியும் பின்னாலயே வரும். ஊசி நல்லா எழும்புதுன்னா, மறுமுனைல மூடி போட்ட லாக்ஷீல்டு வால்வை, அதாவது தண்ணி ஓடுற அளவை நிர்ணயிக்கிற வால்வைப் பாருங்க. பெயின்ட் அடிக்க ரேடியேட்டரைக் கழட்டினவங்க அதைத் திறக்காமலே விட்டிருக்கலாம்.

[திரையில்: கழற்றிய ரேடியேட்டரிலிருந்து கறுப்புத் தண்ணீர் வாளியில் விழுகிறது.]

மேல சூடு, கீழ நடுவுல மட்டும் குளிர்ச்சி. இதுதான் கவலைப்பட வேண்டியது. இரும்பு அரிச்சு வந்த கறுப்புச் சகதி அடில படிஞ்சிருக்கு. எத்தனை தடவை காத்தை எடுத்தாலும் பலன் இல்லை. ரெண்டு வால்வையும் மூடி, ரேடியேட்டரைக் கழட்டி, வெளிய கொண்டுபோய் ஹோஸ் தண்ணியை வேகமா விட்டுக் கழுவணும். லாக்ஷீல்டை மூடும்போது எத்தனை சுத்துன்னு எழுதி வச்சுக்கங்க, திரும்ப மாட்டும்போது அதே அளவு திறக்கணும். பல ரேடியேட்டர்ல இப்படி இருந்தா மொத்த அமைப்பையும் கழுவி, துருத்தடுப்பு மருந்து ஊத்தி, பாய்லருக்குத் திரும்புற குழாய்ல காந்த ஃபில்டர் மாட்டணும். புதுத் தண்ணி ஏத்தும்போதெல்லாம் கூடவே ஆக்சிஜனும் உள்ள போகுது. அதுதான் துருவுக்குத் தீனி. அதனால வாரா வாரம் பிரஷர் இறங்கினா நிரப்பிட்டே இருக்காதீங்க. எங்கயோ கசிவு இருக்கு, இல்லைன்னா, சூடாகி விரியற தண்ணிக்கு இடம் கொடுக்கிற எக்ஸ்பேன்ஷன் வெசல்ல காத்தழுத்தம் போயிருக்கு. பாய்லருக்குள்ள இருக்கிற வெசலைத் தகுதி பெற்ற டெக்னீஷியன்தான் தொடணும்.

கடைசியா, பாய்லருக்குப் பக்கத்துல இருக்கிற ரேடியேட்டர் கொதிக்குது, தூரத்துல இருக்கிறது வெதுவெதுப்புன்னா எதுவும் கெட்டுப்போகல. தண்ணி சுலபமான வழியிலயே ஓடிடுது, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் வால்வெல்லாம் முழுசாத் திறந்து வச்சுட்டு, முதல்ல சூடாகிற ரேடியேட்டரோட லாக்ஷீல்டை மூடி, கால் சுத்து மட்டும் திறங்க. தூரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா அதிகமா. கடைசி ரேடியேட்டர் முழுசாத் திறந்திருக்கணும். உள்ள வர்ற குழாய்க்கும் வெளிய போற குழாய்க்கும் சுமார் 10 லிருந்து 12 டிகிரி வித்தியாசம் எல்லா ரேடியேட்டர்லயும் கிடைக்கிற வரைக்கும் சரிபண்ணுங்க. புகையோட போற சூட்டையும் பிடிச்சுப் பயன்படுத்துற கண்டென்சிங் பாய்லர்னா 20 டிகிரி வரைக்கும் போகலாம். ஒவ்வொரு திருப்பலுக்கும் அப்புறம் 15 நிமிஷமாவது பொறுத்துட்டு, அப்புறம் அளந்து பாருங்க.